ஒல்லாந்த ஓவியத்திலே விருந்தும் செல்வமும்

வீட்டுத் தலைவி மேசையருகே அமர்ந்தவாறே உறங்கிப் போனாள். அவள் அணிந்திருப்பதோ உரோமக் கரை வைத்துத் தைத்த விலையுயர்ந்த மேற்சட்டை. அவள் கண்ணயர்ந்த சிறு பொழுதுக்குள் வீடு தலைகீழாகிவிட்டது. மேசைமீது ஏறிய நாய் அங்கிருந்த இறைச்சிப் பணியாரத்தைத் தின்கிறது. உயர்ந்த நாற்காலியில் இருத்தப்பட்ட குழந்தை கிண்ணத்தைத் தரையில் எறிந்துவிட்டு முத்துமாலையை எடுத்து விளையாடுகிறது. பையன் ஒருவன் களவாகச் சுங்கான் பிடித்துப் பார்க்கிறான். சிறுமி ஒருத்தி அலுமாரியைத் துழாவுகிறாள். பீப்பாவிலிருந்து மது வீணே ஒழுகுகிறது. வீட்டினுள்ளே வந்துவிட்ட பன்றி தரையில் உதிர்ந்த ரோசாப்பூவை முகர்கிறது. சுவர்க் கடிகாரத்தின் குண்டுகளைக் குரங்கொன்று பற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே இளமங்கை ஒருத்தி மதுக்கிண்ணமும் கையுமாக நம்மை நேரே பார்த்து நகைக்கிறாள். அருகிலிருக்கும் ஆடவனின் கால் அவள் மடிமீது கிடக்கிறது.

ஒல்லாந்த ஓவியர் யான் ஸ்டேன் 1663ஆம் ஆண்டளவில் வரைந்த இந்த ஓவியம் இன்று வியன்னா நகரத்து நூதனசாலையில் இருக்கின்றது. அதன் வலது மூலையில், கீழே, ஒரு கற்பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. செல்வம் பெருகுங்கால் விழிப்பாயிரு என்னும் பொருள்பட அதிலே எழுதியிருக்கிறது. நிமிர்ந்து பார்ப்போமாயின் இன்னுமொன்று தென்படும். கூரையிலிருந்து ஒரு கூடை தொங்குகின்றது. அதனுள்ளே ஊன்றுகோலும், பிரம்பும், தொழுநோயாளர் தட்டிக்கொண்டு செல்லும் மரக்கட்டையும் இருக்கின்றன. களித்திருப்போர் எவரும் மேலே பார்க்கவில்லை. வறுமையும் தண்டனையும் நோயும் அவர்களுடைய தலைக்குமேலே ஆடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு கண்டிப்பான அறிவுரையை இவ்வளவு வேடிக்கையாக ஏன் வரைய வேண்டும்? ஓவியத்தை வாங்கியவர் அதனைத் தம் வீட்டுச் சுவரிலே தொங்கவிட்டு, அதன்முன் அமர்ந்து விருந்துண்டு, அதனைப் பார்த்துச் சிரித்துமிருப்பர். செல்வத்தைக் காட்டுவதும் செல்வத்தைக் கண்டு அஞ்சுவதும் ஒரே பலகையில் இடம்பெறுகின்றன. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தின் விருந்து ஓவியங்களிலே நம்மை ஈர்ப்பது இந்த இரட்டை நோக்கே.

படம் வாங்கிய நாடு

அக்காலத்து ஒல்லாந்து ஐரோப்பாவிலே விந்தையானதொரு நாடு. ஸ்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்து எண்பது ஆண்டுகள் போராடி 1648இல் மூன்ஸ்டர் உடன்படிக்கையின் மூலம் தன்னுரிமையை உறுதிசெய்துகொண்ட குடியரசு அது. ஏனைய நாடுகளிலே ஓவியருக்குப் பெருந்தொழில் கொடுத்தவர்கள் அரசரும் திருச்சபையுமே. ஒல்லாந்திலோ கல்வினின் சமயநெறி தேவாலயத்திலிருந்து திருவுருவங்களை அகற்றிச் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டது. பெரிய அரசவையும் இல்லை. ஆகவே ஓவியர் சந்தையை நம்பினர். வணிகரும், மதுவடிப்போரும், துணி நெய்விப்போரும், ஏன், செருப்புத் தைப்போரும் கொல்லருங்கூடப் படம் வாங்கினர். 1640ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாமுக்குச் சென்ற ஆங்கிலப் பயணி பீற்றர் மண்டி, கொல்லன் பட்டறையிலும் செருப்புத் தைப்பவன் கடையிலும் ஓவியம் தொங்கக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

வீட்டுக்காக வாங்குபவன் வீட்டையே படத்திலும் காண விரும்பினான். அன்றாட வாழ்க்கைக் காட்சிகள் இவ்வாறு ஒரு தனித்துறையாக வளர்ந்தன. அன்றைய ஒல்லாந்தர் இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் வைக்கவில்லை. கூடிக்களிக்கும் காட்சிக்கு ஒரு பெயர், தோட்டத்து விருந்துக்கு ஒரு பெயர், போர்வீரர் காவற்கூடத்திற் சீட்டாடும் காட்சிக்கு ஒரு பெயர் என அங்காடியிலே பண்டங்களைப் பெயரிட்டழைப்பது போலவே அழைத்தனர். அனைத்தையும் ஒரே வகையாகச் சேர்த்துப் பேசுவது பிற்காலத்தார் வழக்கம்.

இளையோர் களிக்கும் விருந்து

இவற்றுள் முதலில் வளர்ந்தது இளைஞர் கூடிக்களிக்கும் காட்சியாகும். 1620ஆம் ஆண்டையொட்டி வில்லெம் பாய்ட்டவெக் என்பவர் இத்தகைய விருந்துகளை வரைந்தார். நகைச்சுவைக்காக அவரை நண்பர்கள் வேடிக்கை வில்லெம் என்றே அழைத்தனராம். முழங்காலிற் குஞ்சம் கட்டிய காற்சட்டை, தட்டுப்போல் விரிந்த கழுத்துப் பட்டி, இறகு சூடிய தொப்பி ஆகியவற்றுடன் இவருடைய இளைஞர் நிற்கும் கோலத்தைப் பார்த்தால், நாகரிகம் என்னும் நோய் எக்காலத்துக்கும் உரியதே என்பது விளங்கும்.

ஹார்லெம் நகரத்து டிர்க் ஹால்ஸ் இத்துறையை இன்னும் பரப்பினார். பெயர்பெற்ற உருவப்பட ஓவியர் பிரான்ஸ் ஹால்சின் தம்பி இவர். இவர் 1627இல் வரைந்த தோட்டத்து விருந்து அம்ஸ்டர்டாமின் றைக்ஸ் நூதனசாலையில் உள்ளது. மாளிகைக்கு முன்னே பட்டாடை உடுத்த ஆடவரும் பெண்டிரும் கூடியிருக்கின்றனர். இசையும் பேச்சும் மதுவும் குறைவின்றி நடைபெறுகின்றன. முன்னிலத்திலே சங்கிலியிற் கட்டுண்ட குரங்கொன்று குந்தியிருக்கிறது. புலனின்பத்துக்கு அடிமையானவன் சங்கிலியிற் பிணித்த குரங்குக்கு ஒப்பாவான் என்பது அக்காலத்தார் நன்கறிந்த குறியீடு. விருந்தினர் எவரும் குரங்கைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நமக்காகவே அது அங்கே இருத்தப்பட்டிருக்கிறது.

ஹார்லெமிலே இவ்வாறான காட்சிகளை வரைந்த பெண்ணொருவரும் இருந்தார் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. அவர் யூதித் லெய்ஸ்டர். 1609இற் பிறந்தவர். தமது இருபத்துநான்காம் வயதளவிலே, 1633இல், ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் தலையாசிரியராக இடம்பெற்றார். பெண்ணுக்கு அது எளிதிற் கிட்டாத மதிப்பு. லெய்ஸ்டர் என்னும் குடும்பப் பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்பது பொருள். எனவே தம் படங்களிலே பெயரின் முதலெழுத்துக்களுடன் ஒரு விண்மீனையும் வரைந்து ஒப்பமிடுவார். அவர் காலத்துக்குப் பின்னர் அந்த விண்மீனை எல்லோரும் மறந்தனர். அவருடைய படங்கள் பிரான்ஸ் ஹால்சின் படங்களாக விலைபோயின. அவ்வாறு விற்கப்பட்ட படமொன்று வழக்குமன்றம் வரை சென்றது. 1893இலேதான் ஹொப்ஸ்டேட டி ஹ்ரோட் என்னும் ஒல்லாந்த அறிஞர் அந்த ஒப்பத்தைப் படித்து, அது யாருடையது என்பதை எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஓர் ஓவியரின் உழைப்பு மற்றொருவர் கணக்கில் வரவுவைக்கப்பட்டிருந்தது!

லெய்ஸ்டர் 1631இல் வரைந்த சிறிய படமொன்று ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் நூதனசாலையில் உண்டு. இரவு நேரம். விளக்கொளியிலே பெண்ணொருத்தி குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். உரோமத் தொப்பி அணிந்த ஆடவன் அவள் தோளிற் கைவைத்து, மறுகையிற் காசுகளை ஏந்திக் காட்டுகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியும் நூலுமே அவள் கண்ணில் நிற்கின்றன. பணத்தைக் கண்டவுடன் சிரிக்கும் பெண்களையே மற்றை ஓவியர் பலர் வரைந்து குவித்த காலத்திலே, பணத்தை ஏறெடுத்தும் பாராத ஒருத்தியை இந்த இளம்பெண் வரைந்தார். ஒல்லாந்த விருந்துப் படங்கள் ஆயிரத்தை ஒருபுறமும் இதனை மறுபுறமும் வைத்தால், என் கண் இதன் பக்கமே சாயும்.

திருமணத்துக்கு ஐம்பது பேர்

படத்திலே தோன்றிய அச்சம் நகர மன்றத்திலும் இருந்தது. 1655இல் அம்ஸ்டர்டாம் நகர ஆட்சியிலே செல்வாக்குப் பெற்றிருந்தவர் மருத்துவர் நிக்கலாஸ் துல்ப். றெம்பிரான்ட் 1632இல் வரைந்த உடற்கூற்றுப் பாடம் என்னும் புகழ்பெற்ற ஓவியத்திலே பிணத்தின் கையை அறுத்து விளக்குபவர் இவரே. நகரிலே கொள்ளைநோய் பரவிய காலம் அது. மக்கள் திருமண விருந்துகளிலே செல்வத்தை வாரி இறைப்பது இறைவனின் சினத்தைத் தூண்டும் என அவர் கருதினார். எனவே திருமண விருந்துக்கு ஐம்பது பேருக்கு மேல் அழைத்தலாகாது, விருந்து இரண்டு நாளுக்கு மேல் நீடித்தலாகாது என்று கட்டளை பிறந்தது. இரண்டு நாள் விருந்தைச் சிக்கனம் என்று கருதிய நகரத்தின் பழைய விருந்துகள் எப்படியிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டத்தினால் ஆசை அடங்கியதாகத் தெரியவில்லை. ஆயினும் விருந்தின் தன்மை மாறியது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆரவாரம் குறைந்து, அறைக்குள்ளே இரண்டு மூன்று பேர் அடக்கமாகக் கூடும் காட்சிகள் பெருகின. செல்வம் இப்போது உரத்துப் பேசவில்லை. தாழ்ந்த குரலிற் பேசியது. மதுக்கிண்ணத்தைப் பிடிக்கும் முறைகூட ஒருவரது குடிப்பிறப்பைக் காட்டிற்று. கெராட் டி லெய்ரெஸ் என்னும் ஓவியர், கண்ணொளி இழந்த பின்னர் 1707இல் வெளியிட்ட ஓவிய நூலிலே, கிண்ணத்தை எவ்வாறு பிடிப்பவன் எத்தரத்தினன் என்பதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். நாட்டுப்புறத்தான் உள்ளங்கை முழுவதாற் பற்றுவான்; உயர்குடிப் பெண்ணோ விரல் நுனிகளால் மெல்லத் தாங்குவாள்.

வெண்சாட்டினும் ஜேர்மானியக் கவிஞரும்

இந்த அடக்கமான செல்வத்தை வரைவதிலே ஈடிணையற்றவர் கெராட் தெர் போர்க். மூன்ஸ்டர் உடன்படிக்கை உறுதிசெய்யப்பட்ட நிகழ்ச்சியை நேரிற் கண்டு வரைந்தவரும் இவரே. சாட்டின் பட்டிலே ஒளி விழுந்து மடிப்புத்தோறும் வெள்ளியாய் வழிவதை இவரைப்போல் எவரும் தீட்டவில்லை. 1654ஆம் ஆண்டளவில் இவர் வரைந்த ஓவியமொன்றிலே வெண்சாட்டின் அணிந்த இளம்பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் முன்னே போர்வீரர் உடையில் ஓர் ஆடவன் அமர்ந்து, கையை உயர்த்தி ஏதோ சொல்கிறான். அவனருகே ஒரு மாது கிண்ணத்தில் மது அருந்துகிறாள். இதன் ஒரு படி அம்ஸ்டர்டாமிலும் மற்றொன்று பெர்லினிலும் உள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டிலே யொஹான் கியோர்க் வில்லெ என்பவர் இவ்வோவியத்தைச் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்டபோது, அதற்குத் தந்தையின் அறிவுரை எனப் பெயரிட்டார். ஜேர்மானியப் பெருங்கவிஞர் கேதே 1809இல் வெளியிட்ட நாவலொன்றிலே இப்படம் வருகின்றது. பாத்திரங்கள் உடையணிந்து இவ்வோவியத்தைப் போலவே அசையாது நின்று காட்டுகின்றனர். கண்ணியமான தந்தை மகளுக்கு அறிவு புகட்டுகிறார்; தாயோ மனச்சங்கடத்தை மறைக்க மதுக்கிண்ணத்துட் பார்வையைத் தாழ்த்துகிறாள் என்று கேதே விளக்கந் தருகிறார். முதுகு மட்டுமே தெரிவதாற் பொறுமையிழந்த பார்வையாளன் ஒருவன், அவளை இப்பக்கம் திரும்பச் சொல்லிக் கூவுவதாகவும் அங்கே ஒரு நகைச்சுவை உண்டு.

விளக்கம் அழகானதே. ஆனால் அந்தத் தந்தைக்கு வயது போதவில்லை! கூர்ந்து நோக்கினால் அவன் இளைஞன். அருகிருக்கும் மாது தாயல்லள், பொதுமகளிர் இல்லத்துத் தரகியே என்றும், உயர்த்திய விரல்களிடையே ஒரு காசு இருந்திருக்கலாம் என்றும், பின்னாலுள்ள திரையிட்ட கட்டிலைக் கவனிக்க வேண்டும் என்றும் பிற்கால அறிஞர் பலர் கூறினர். காதலை நாகரிகமாகத் தெரிவிக்கும் காட்சி என்போரும் உளர். திரும்பி நிற்பவளின் முகத்தில் நாணமா, நகைப்பா, வெறுப்பா என்பது தெரிந்தால் வழக்குத் தீர்ந்துவிடும். ஓவியர் அதைத்தான் நமக்குக் காட்டவில்லை. சாட்டினை மட்டும் காட்டினார். உடை உயர்ந்ததாயின் உடுத்தவளும் உயர்ந்தவள் என்று உலகம் முடிவுகட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் போலும்.

இவ்வகைப் படங்களை எவ்வாறு படிப்பது என்பது அறிஞரிடையே நெடிய வழக்காயிற்று. 1976இல் றைக்ஸ் நூதனசாலையில் நடந்த கண்காட்சியொன்றிலே எடி டி யொங் என்னும் ஆய்வாளர், இப்படங்கள் வேடிக்கைத் தோலுக்குள்ளே அறிவுரையைப் பொதிந்து வைத்தவை என எடுத்துக்காட்டினார். நாயும் குரங்கும் சிப்பியும் ஒவ்வொரு பொருளைக் குறிப்பன. அமெரிக்க அறிஞர் ஸ்வெற்லானா அல்பேர்ஸ் 1983இல் எழுதிய நூலிலோ இதனை மறுத்தார். ஒல்லாந்தர் கண்ணாற் காண்பதையே அறிவாகக் கொண்ட மக்கள். பட்டைப் பட்டாக வரைவதே அவர்கள் நோக்கு என்றார். யான் ஸ்டேனின் பன்றியைப் பார்க்கும்போது டி யொங் சொல்வது சரியென்று தோன்றும். தெர் போர்க்கின் சாட்டினைப் பார்க்கும்போது அல்பேர்ஸ் சொல்வது சரியென்று தோன்றும். இரண்டையும் ஒரே சாவியாற் திறக்க முயல்வது வீண்.

எல்லா விருந்தும் ஐயத்துக்குரியதன்று. கப்ரியேல் மெட்சு 1661இல் வரைந்து, இன்று நியூயோர்க் நகரத்து நூதனசாலையிலிருக்கும் ஓவியமொன்று மகப்பேறு கண்ட வீட்டைக் காட்டுகின்றது. தாய் குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். அருகே தொட்டில். நன்றாக உடுத்த ஒரு சீமாட்டி குழந்தையைக் காண வருகிறாள். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி வணங்குகிறார். வேலைக்காரப் பெண் அவசரமாக நாற்காலி கொணர்கிறாள். மேசைமேல் விரித்திருக்கும் கீழைத்தேசக் கம்பளத்தின் பின்னல் முழுவதையும் எண்ணிவிடலாம். இந்த ஓவியம் அம்ஸ்டர்டாம் செல்வர் யான் ஹின்லோப்பனிடம் இருந்தது. மறு ஆண்டே யான் வோஸ் என்னும் கவிஞர் இதனைப் புகழ்ந்து பாடினார். படம் வைத்திருப்பதோடு அமையாது, படத்துக்குப் பாட்டும் வைத்திருப்பது செல்வத்தின் அடுத்த படி!

இல்லாத சலவைக்கல்

இப்படங்களைக் கொண்டு அக்காலத்து வீடுகள் இவ்வாறே இருந்தன என முடிவு செய்வோர் ஏமாறுவர். கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் பதித்த தரை ஒல்லாந்த ஓவியத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை வில்லமைன் பொக் அக்காலத்து வீட்டுப் பொருட் பட்டியல்களையும் கட்டட ஒப்பந்தங்களையும் ஆராய்ந்தார். செல்வர் வீடுகளிலுங்கூட வாழும் அறைகளுக்குப் பெரும்பாலும் மரப்பலகைத் தரையே இருந்தது. சலவைக்கல் இருந்தால் அது வாயிற்கூடத்திலோ நடையிலோ மட்டும் இருந்தது. ஓவியங்களில் அடிக்கடி தொங்கும் பல கிளைப் பித்தளை விளக்கும் தனியார் வீடுகளில் அரிது, தேவாலயங்களில் தொங்கியது.

ஓவியர் ஏன் இல்லாததை வரைந்தனர்? கட்டம் கட்டமான தரை அறையின் ஆழத்தைக் காட்ட எளிதான வழி என்பது ஒரு காரணம். வாங்குபவனுடைய ஆசை மற்றொன்று. மரத்தரையில் நிற்பவன் சுவரிலே சலவைக்கல் தரையைத் தொங்கவிட்டான்.

பீற்றர் டி ஹோக் இதற்குத் தக்க சான்று. றொட்டர்டாமிலே கல்லடுக்கும் கொத்தனாருக்கும் மருத்துவச்சிக்கும் மகனாகப் பிறந்தவர். டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த நாளிலே செங்கல் முற்றத்தையும், துடைப்பத்தையும், குழந்தையின் கையைப் பற்றி நிற்கும் வேலைக்காரியையும் அமைதியாக வரைந்தார். 1660ஐ அடுத்து அம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தபின் அவர் படங்களிலே தூண்களும் பொற்றோற் சுவர்களும் இசைவிருந்துகளும் புகுந்தன. அவர் குடியிருந்ததோ அந்நகரின் எளியோர் பகுதிகளில். பணக்கார அறைகளை அவர் எத்தனை வரைந்தாலும், அவருடைய உள்ளம் டெல்ஃப்ட் முற்றத்திலேயே இருந்தது என்பது என் எண்ணம். பிற்கால அறைகளில் ஒளி வருகிறது, வெம்மை வரவில்லை.

செல்வம் வந்த வழி

மேசைமேல் பாரசீகக் கம்பளம், தட்டிலே சீனப் பீங்கான், தோலுரித்துத் தொங்கும் எலுமிச்சை, பணியாரத்தில் வாசனைத் திரவியம், கிண்ணத்தில் சர்க்கரை. இவற்றுள் எதுவும் ஒல்லாந்தின் சதுப்பு நிலத்தில் விளைந்ததன்று. 1602இல் நிறுவப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனியும் அதன் பின்வந்த மேற்கிந்தியக் கம்பனியும் கடல்கடந்து கொணர்ந்தவையே பெரும்பாலன. கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு நகரங்களிலே கிளைச் சபைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஓவியர் டி ஹோக்கும் வெர்மீரும் வாழ்ந்த டெல்ஃப்ட்.

டெல்ஃப்ட் என்ற பெயர் ஈழத்து வாசகருக்குப் புதிதன்று. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் அதுவே. வேலணைக்கு லெய்டன் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும் அவர்கள் பெயர் வைத்தனர். 1658ஆம் ஆண்டு யூன் மாதத்திலே யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பும் அவர்கள் வசமாயிற்று. தென்னிலங்கையின் கறுவாவை உரித்துக் கொடுக்கும் கட்டாய ஊழியம் சாலாகம மக்கள்மேல் இறுகியது. அதே 1658ஆம் ஆண்டென நாளிட்டு, டெல்ஃப்ட் நகரிலே டி ஹோக் ஓர் ஓவியம் வரைந்தார். வெயில் வழியும் அறையிலே சிலர் சீட்டாடிக்கொண்டும் மது அருந்திக்கொண்டும் இருக்கின்றனர். கதவு திறந்திருக்கிறது. வெளியே முற்றம் தெரிகிறது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை.

கறுவா உரித்தவனையும், முத்துக்காகக் கடலில் மூழ்கியவனையும், கரும்புத் தோட்டத்திலே மாண்ட ஆபிரிக்க அடிமையையும் இந்த விருந்து ஓவியங்களிலே தேடிப் பயனில்லை. பொருள் மட்டும் வந்து மேசையில் அமர்ந்திருக்கும். குரங்கையும் பன்றியையும் வைத்துச் செல்வத்தின் தீமையைக் கண்டித்த ஓவியருங்கூட, அந்தச் செல்வம் எவ்வாறு வந்தது என்று கேட்கவில்லை. மிதமிஞ்சி உண்பது பாவம் எனக் கண்டது அந்நாடு. பறித்து உண்பது அதன் கண்ணிற் படவில்லை. அண்மைக் காலத்திலே இக்கேள்வி ஒல்லாந்திலேயே எழுந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டைப் பொற்காலம் என்றழைக்கும் வழக்கத்தை அம்ஸ்டர்டாம் நகர நூதனசாலை 2019இற் கைவிட்டது. 2021இல் றைக்ஸ் நூதனசாலை அடிமை முறை பற்றிய பெருங்கண்காட்சியை நடத்தியது. 2023 யூலை முதலாம் நாளன்று ஒல்லாந்து மன்னர் அடிமை வாணிகத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

வரைந்தவர் வீட்டில்

செல்வத்தை வரைந்தவர்களிடம் செல்வம் தங்கியதா? யான் ஸ்டேன் லெய்டன் நகரத்து மதுவடிப்பவரின் மகன். 1654 முதல் டெல்ஃப்டிலே மதுவடிசாலை நடத்திப் பார்த்தார். சில ஆண்டுகளிற் கைவிட்டார். பிரெஞ்சுப் படை நாட்டுக்குட் புகுந்த 1672இலே ஓவியச் சந்தை சரிந்தது. அவ்வாண்டிலேயே அவர் லெய்டனில் மதுக்கடை நடத்த உரிமை பெற்றார். தாம் வரைந்த குடும்ப விருந்தொன்றிலே, சிறுவனுக்குச் சுங்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வாய்விட்டுச் சிரிக்கும் ஆடவனுக்குத் தம் முகத்தையே வைத்தார். பிறரைத் திருத்தப் புறப்பட்டவர் குற்றவாளிக் கூண்டிலே முதலில் தாமே ஏறி நிற்பது போன்ற இந்த நேர்மைக்காகவே ஒல்லாந்தர் அவரை இன்றும் விரும்புகின்றனர். ஒழுங்கற்றுக் கிடக்கும் வீட்டை யான் ஸ்டேனின் குடித்தனம் என்று சொல்லும் மரபு அவர்களிடை இன்னும் வழங்குகின்றது.

டெல்ஃப்ட் நகரத்து வெர்மீரின் கதை வேறு. அவர் ஆறுதலாக வரைபவர். இன்று நமக்குக் கிடைப்பவை முப்பத்தைந்து, முப்பத்தாறு ஓவியங்களே. 1663இல் பிரெஞ்சுப் பயணி மொன்கொனி அவரைக் காணச் சென்றபோது, ஓவியர் வீட்டிலே காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. பாண் சுடும் ஒருவர் வீட்டிலேதான் ஒன்றைக் காண முடிந்தது. ஒரே ஓர் உருவம் கொண்ட அப்படத்துக்கு அறுநூறு லீவர் கொடுத்ததாகச் சொல்லக் கேட்டு, அது மிக அதிகம் என்று பயணி எழுதிவைத்தார்.

முத்துமாலையைக் கண்ணாடியில் பார்த்து நிற்பவள், கடிதம் எழுதுபவள், கிற்றார் வாசிப்பவள் என வெர்மீரின் பெண்கள் பலர் வெண்ணிற உரோமக் கரையிட்ட மஞ்சள் மேற்சட்டை அணிந்திருப்பர். ஆறு ஓவியங்களிலே அச்சட்டை வருகின்றது. ஆறு வீட்டுச் செல்வச் சீமாட்டிகளோ என எண்ணத் தோன்றும். 1675 டிசம்பரிலே வெர்மீர் இறந்தார். அடுத்த ஆண்டு பெப்ருவரியில் அவர் வீட்டுப் பொருட்களைப் பட்டியலிட்டவர்கள், மனைவி கத்தரினாவின் உடைகளுள் அப்படியான மஞ்சட் சாட்டின் மேலங்கி ஒன்றையும் எழுதினர். ஆறு சீமாட்டிகளுக்கும் அந்த ஒரு சட்டையே போதுமானதாயிருந்தது போலும்.

கத்தரினாவிடம் பதினொரு பிள்ளைகள் இருந்தனர், பதின்மர் பராயமடையாதவர். போர் தொடங்கிய பின்னர் கணவனால் தம் படங்களையோ, வாணிகத்துக்காக வாங்கிய பிறர் படங்களையோ விற்க இயலவில்லை என அவள் அதிகாரிகளுக்கு எழுதினாள். கைவினைஞன் ஒருவன் ஆண்டு முழுதும் உழைத்து முந்நூறு கில்டர் அளவிற் பெற்ற காலத்திலே, பாணுக்கு மட்டும் அவர்களுக்கு 617 கில்டர் கடன் இருந்தது. கடன் கொடுத்த பாண்காரர் ஹென்றிக் வான் பாய்ட்டன் 1676 ஜனவரியில் வெர்மீரின் ஓவியங்கள் இரண்டை ஏற்றுக்கொண்டு கடனைத் தீர்த்தார். ஒன்றிலே இருவர், அவருள் ஒருத்தி கடிதம் எழுதுகிறாள். மற்றையதில் ஒருத்தி நரம்பிசைக் கருவி வாசிக்கிறாள். ஆண்டுதோறும் ஐம்பது கில்டர் செலுத்தினால் அவற்றை மீட்கலாம் என்று கத்தரினா உடன்படிக்கையில் எழுதுவித்துக்கொண்டாள்.

1701இல் அந்தப் பாண்காரர் இறந்தபின் அவர் பொருட்களைப் பட்டியலிட்டபோது, அவர் வீட்டிலே வெர்மீரின் ஓவியங்கள் மூன்று இருந்தன.